கண்ணாடிக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரருக்குப் பொட்டு வைக்கிற கை. நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். வேலைக்கு வந்த ஆட்களுக்கு வருகைப் பதிவேட்டில் பேர் போடுவதும் பழத்தை எடை பார்ப்பதும்தான் அவர் வேலை. ஆனால் எஸ்டேட்டுக்குப் புதிதாக எது வந்து இறங்கினாலும் முதல் பொட்டு அவர் கையால்தான் வைக்க வேண்டும் என்று எப்படியோ ஆகிவிட்டது. ஜீப், மருந்தடிக்கிற பம்பு, காபிப் பழத்தைத் தோலுரிக்கிற பல்ப்பர் மிஷின், ஆபீஸ் பீரோ, ஒன்றும் அவரிடமிருந்து தப்பியதில்லை. ஏற்காட்டுப் பனிக்குக் குங்குமம் நிற்காது, விடிவதற்குள் கரைந்து ஒழுகிவிடும் என்று என்னுடைய சாந்துப் புட்டியைத்தான் எடுத்துப் போவார். என் நெற்றி பார்த்ததைவிட அந்த எஸ்டேட்டு இரும்பு பார்த்த சாந்துதான் அதிகம்.

வீட்டிலும் அப்படித்தான். நிலைப்படி, அடுப்பு, தண்ணீர்க் குடம், தையல் மிஷின், சுவரில் மாட்டிய கடிகாரம் எல்லாவற்றுக்கும் பொட்டு. துடைக்கும்போதும் பொட்டை விட்டுவிட்டுச் சுற்றித்தான் துடைப்போம். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இந்தப் பழக்கம் ஒருமுறை என் பிழைப்பையே கவிழ்க்கப் பார்த்தது. தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது அது.

அப்போது எனக்குச் சேலத்தில் வேலை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டி.டி.பி. சென்டரில் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்துக் கொடுப்பேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் நான் அடித்ததுதான். விடியற்காலை பஸ்ஸில் மலை இறங்கினால் இருட்டிய பிறகுதான் மலை ஏறுவேன். கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டால் அன்றைக்கு ராத்திரிச் சோறு அதோகதி. வீட்டுக்காரர் காபிப் பழ சீசனில் எஸ்டேட்டிலேயே கிடப்பார். எங்கள் ஒரே மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் போவது எங்கள் வீட்டுக்கு அல்ல, பக்கத்து வீட்டுக்கு.

பக்கத்து வீட்டு அக்கா தங்கமானவர். கணவர் தவறிப் போனவர், பிள்ளைகள் பெங்களூரில். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார், மற்ற நாளில் தைப்பார். என் மகளுக்குத் தலை பின்னிவிட்டு, காபி போட்டுக் கொடுத்து, வீட்டுப்பாடம் பார்த்து, சோறும் போட்டுவிடுவார். நான் போய்ச் சேரும்போது குழந்தை அவருடைய கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கும். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வருவேன். அவள் தலையில் அந்த வீட்டுத் தேங்காய் எண்ணெய் வாசனை அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் தட்டு வைத்தால், அக்காவைப் பார்த்துப் பழகியதுபோல, கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டுத்தான் சாப்பிடுவாள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எல்லாவற்றையும் அவள் வேறொரு வீட்டிலேயே கற்றுக்கொண்டுவிட்டாள், எனக்கு என்று ஒன்றும் மிச்சமில்லை என்பதுதான் உறுத்தியது.

ஒரு நாள் காலையில் நான் செருப்பு மாட்டும்போது முழித்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, ஒரு நாளைக்காச்சும் நான் பள்ளிக்கூடம் உட்டு வாறப்ப நீ ஊட்ல இருப்பியா?"

"இருக்கறேன் சாமி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பாதி மலை இறங்கும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டுதான் போனேன். பக்கத்து சீட்டுக்காரம்மா எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து எலுமிச்சம்பழம் நீட்டினார்.

வழி ஒன்று தானாக வந்தது. ஏற்காட்டில் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றின் ஆபீஸைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஒருவர் எங்கள் சென்டருக்குக் கேள்வித்தாள் அடிக்க வருவார். என் மகள் படித்தது வேறு பள்ளி, அதனால் கேள்வி கசிந்துவிடும் என்ற வம்பு இல்லை. ஒருமுறை மழையில் நனைந்து வந்தவர், "நீங்க ஏற்காடுதானேம்மா? அங்கேயே அடிச்சுக் குடுத்தா நான் ஏன் இத்தனை வளைவு இறங்கி வர்றேன்?" என்றார். வீட்டிலேயே நல்ல மிஷின் போட்டால் அரையாண்டுத் தேர்வுத் தாளைப் பரீட்சார்த்தமாகத் தருவதாகவும், சரியாக வந்தால் வருஷம் முழுக்க எனக்கே என்றும் சொன்னார். நான் அன்றைக்கு பஸ்ஸில் தூங்கவேயில்லை.

கம்ப்யூட்டர் சுலபமாகக் கிடைத்தது. சென்டர் முதலாளி புதிது வாங்கினபோது பழையதை எனக்குத் தள்ளிவிட்டார். பிரிண்டர்தான் பெரும்பாடு. சேலத்துக் கடையில் மூன்று விதம் வைத்திருந்தார்கள். ஊசி குத்துகிற மாதிரி சத்தம் போட்டு அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் ஒன்று. மையைப் பீய்ச்சுகிற இங்க்ஜெட் ஒன்று, பார்க்க அழகு. கடைக்காரப் பையன் அதைத்தான் என் தலையில் கட்டப் பார்த்தான். கலரெல்லாம் வருமுங்க என்றான். நான் அதில் அடித்த ஒரு தாளை வாங்கி, தண்ணீர் பாட்டிலில் நனைத்த விரலால் ஓர் எழுத்தைத் தடவினேன். 'அ' கண்மை கலைந்த கண்ணாகிவிட்டது.

"எங்கூர்ல பனி ஊட்டுக்குள்ள வந்து படுத்துக்குமுங்க தம்பி. இந்த எழுத்து பொழுது விடியறதுக்குள்ள கரைஞ்சு போயிரும்" என்றேன்.

"அப்ப லேசர்தாங்க. அது மை இல்லீங்க, பவுடரு. சூட்டுல உருக்கித் தாள்ல ஒட்டீரும்" என்றான். லேசரிலும் இரண்டு. ஒன்று அச்சு மட்டும் அடிக்கும். இன்னொன்று அச்சும் அடிக்கும், மேல் மூடியைத் திறந்து கண்ணாடியில் தாளை வைத்தால் நகலும் எடுக்கும், ஃபேக்ஸும் போகும். எனக்கு ஃபேக்ஸ் அனுப்ப யாரும் இல்லை. ஆனால் சயின்ஸ் கேள்வித்தாளில் இதயம், பூவின் பாகம் எல்லாம் டீச்சர் கையால் வரைவார்கள். நான் கேள்வியை அடித்து இடம் விட்டுக் கொடுப்பேன், அவர்கள் வரைந்து தருவார்கள், பிறகு நகல் எடுக்க வேண்டும். கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு ஜெராக்ஸுக்கா போக முடியும்? ஆகவே எல்லாம் செய்கிற அந்தப் பெரிய மிஷினே வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். நான் கட்டிய ஏலச்சீட்டும், வீட்டுக்காரர் போனஸும் அதில் கரைந்தன.

அதை மலைக்குக் கொண்டுவந்தது தனிக் கூத்து. சாய்க்கக் கூடாது, சாய்த்தால் பவுடர் கொட்டிவிடும் என்று கடைக்காரர் சத்தியம் வாங்காத குறை. எஸ்டேட்டுக் கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் எங்கள் இரண்டு பேர் மடியிலும் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வளைவிலும் வீட்டுக்காரர் வலது பக்கம் சாய்ந்தால் நான் இடது பக்கம் சாய்ந்து தராசு மாதிரி வந்தோம்.

"ஏனுங்க, டிவிங்களா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, நகல் எடுக்கற மிஷினு."

"அப்ப இந்த டிக்கெட்டையும் ரெண்டா எடுத்துருங்க பாப்பம்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டு போனார். லக்கேஜுக்கு மட்டும் ஒழுங்காக டிக்கெட் கிழித்தார்.

கிளியூர் போகிற பாதையில் எங்கள் வீடு. முன் அறை ஜன்னலோரம் மேஜை போட்டு மிஷினை வைத்தோம். வந்த முதல் வாரம் அது என்னைப் படுத்திய பாடு கொஞ்சம் இல்லை. சூடேறும்போது வீட்டு பல்பெல்லாம் ஒருமுறை மங்கிப் பிறகு எரியும். ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தோம். தாள் உள்ளே போய்ச் சுருண்டு மாட்டிக்கொண்டது. பனியில் தாள் நமுத்துப் போவதுதான் காரணம் என்று புரிந்ததும், தாள் கட்டுகளை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு உள்ளே சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டேன். வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து, காபிக் கொட்டையைப் பதம் பார்க்கிற மாதிரி, ஒரு தாளை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். "கலகலங்குது. இப்பப் போடு" என்பார்.

பொட்டு? அது வந்த அன்றைக்கே நடந்துவிட்டது. நல்ல நேரம் பார்த்துக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் சுற்றி, என் சாந்துப் புட்டியை எடுத்தார். எங்கே வைப்பது என்று மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு மூடியைத் தூக்கிக் கண்ணாடிக்கு நட்டநடுவில் துவரம் பருப்பளவு ஒரு பொட்டு வைத்தார்.

"அங்க எதுக்குங்க?" என்றேன்.

"பல்ப்பருக்குப் பழம் போடற வாயிலதான பொட்டு வெக்கறம்? இதுக்குத் தீனி போடற எடம் இதுதான? வாய்க்கு வெச்சாத்தான் மிஷினு சீக்குப் பண்ணாம தின்னும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முதலில் நான் செய்ததெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்து அச்செடுப்பது மட்டும்தான். அதற்குக் கண்ணாடியைத் திறக்கவே தேவையில்லை. எழுத்து முத்து முத்தாக விழுந்தது. மகளுக்கு அந்த மிஷின் வேறு காரணத்துக்காகப் பிடித்துப்போயிற்று. சுடச்சுட வருகிற தாளை எடுத்துக் குளிருக்குக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வாள். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒன்று ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவாள். அந்தச் சூட்டுத் தாளின் வாசனை இப்போது நினைத்தாலும் எனக்கு மார்கழி மாதத்து ஏற்காடுதான்.

சென்டர் முதலாளியிடம் நான் லீவுதான் சொல்லியிருந்தேன். "சரியா வரலீன்னா வாம்மா, உன் சேரு அப்படியேதான் இருக்கும்" என்று அனுப்பினார். நல்ல மனுஷர் நல்ல எண்ணத்தில் சொன்னது. எனக்கு மட்டும் அந்தச் சேர் என் பின்னாலேயே மலை ஏறி வந்த மாதிரி இருந்தது.

அரையாண்டுத் தாள் வந்தது. அடித்துக் கொடுத்தேன், டீச்சர்கள் படம் வரைந்து அனுப்பினார்கள். சயின்ஸ் தாளைக் கண்ணாடியில் வைத்து முதல் நகல் எடுத்துப் பார்த்தேன். சரியான விடையைத் தேர்ந்தெடு என்ற பகுதியில், 'இ' என்ற விடைக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம். பார்த்தால் அதுதான் சரியான விடை என்று யாரோ குறி போட்ட மாதிரியே இருந்தது. அதுவே சரியான விடையும்கூட. இன்னொரு வகுப்புத் தாளில் இதயப் படத்துக்கு நடுவில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்ததுபோல அதே வட்டம். மூலத்தாளில் ஒரு புள்ளியும் இல்லை.

பவுடர் டப்பாவைக் கழற்றிக் குலுக்கினேன். மிஷினை அணைத்துப் போட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஏரிக்கரை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, சேலத்துக் கடையின் மெக்கானிக்கைப் பிடித்தேன்.

"கம்ப்யூட்டர்ல இருந்து அடிச்சா நல்லா வருதுங்களா?"

"வருதுங்க."

"அப்ப மேல கண்ணாடியில அழுக்கு, கறை எதாச்சும் ஒட்டியிருக்கும். பாருங்க."

"அதெல்லாம் சுத்தமா இருக்குதுங்க. தெனமும் துணி போட்டு நானே தொடைக்கறனுங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"அப்ப உள்ளார லென்ஸ்ல கோளாறுங்க. பிரிச்சுத்தான் பாக்கோணும். இங்க கொண்டாந்துருங்க, ஒரு வாரம் ஆகும்."

தேர்வுக்கு ஒரு வாரம் இல்லை. மறுநாள் தாள் போய்ச் சேராவிட்டால் சிஸ்டர் வழக்கம்போலச் சேலத்துக்குத்தான் போவார். பிறகு நான் அந்தச் சேருக்குத்தான் போவேன். பூத்திலிருந்து வீடு வரை வாய்க்குள்ளேயே கடைக்காரரையும், லென்ஸையும், மிஷினைக் கண்டுபிடித்தவனையும் திட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பரணிலிருந்து அந்தக் கம்பளியை எடுத்து உதறினார். மறுபடியும் மலை இறங்குவதற்கு மிஷினைச் சுற்ற வேண்டுமே.

மகள் மேஜைப் பக்கம் நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. பிள்ளைகளிடம் எதை மறைக்க முடியும்? "இது போயிட்டா நீயும் காலைல பஸ்ஸுக்குப் போயிருவியாம்மா?" என்றாள். நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். "அப்ப கடைசியா ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேன்" என்று மூடியைத் தூக்கி, தன் வலது கையைக் கண்ணாடியில் விரித்து வைத்துப் பொத்தானை அழுத்தினாள். சூடாக வந்த தாளை வழக்கம்போலக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு திருப்பிப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, எனக்கு மிஷினு மருதாணி வெச்சுருக்குது."

வாங்கிப் பார்த்தேன். சின்னக் கை, ரேகையெல்லாம் தெளிவாக இருந்தது. உள்ளங்கைக்கு நட்டநடுவில் வட்டமாகக் கறுப்புப் பொட்டு. பொட்டு என்ற அந்தச் சொல் மனதுக்குள் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மூடியைத் தூக்கினேன். கண்ணாடியில் அது பாட்டுக்கு இருந்தது. நான் தினமும் அதைப் பார்த்திருக்கிறேன். தினமும் அதை விட்டுவிட்டுச் சுற்றித்தான் துடைத்திருக்கிறேன். அடுப்பில் இருப்பது மாதிரி, குடத்தில் இருப்பது மாதிரி, அது அங்கே இருக்க வேண்டியதுதானே? அழுக்கு என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

"ஏனுங்க" என்றேன். என் குரலைக் கேட்டதும் வீட்டுக்காரர் கம்பளியைக் கீழே வைத்துவிட்டார். "வாய்க்கு வெச்சாத்தான் நல்லாத் தின்னும்னீங்களே. அது உங்க பொட்டையும் சேத்துத் தின்னு தாளுக்குத் தாளு கக்குதுங்க."

எட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. நான் துணியை நனைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெச்ச பொட்ட அழிக்கறதா? அதும் புது மிஷினுல?"

எனக்கும் உள்ளுக்குள் கூசத்தான் செய்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். மகள்தான் சாந்துப் புட்டியை எடுத்து வந்து, மூடியின் மேல்பக்கத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மூலையில், ஒரு பொட்டு வைத்தாள். "இங்க வெச்சாச்சுப்பா. இப்ப அங்க எடுத்துரலாம்" என்றாள். மேலே பொட்டு வந்த பிறகு கீழே அழிக்க அவருக்கும் மனம் வந்தது. ஆனால் தொட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானே நகத்தால் சுரண்டித் துடைத்தேன். நல்ல சாந்து. லேசில் போகவில்லை.

பொழுது சாய்வதற்குள் எல்லா வகுப்புத் தாளும் எடுத்து முடித்தோம். ஒரு புள்ளி இல்லை. மறுநாள் காலை கட்டி எடுத்துப்போய் சிஸ்டரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டாகப் புரட்டிக்கொண்டே வந்தவர், அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். கெட்டுப்போன முதல் நகல் எப்படியோ உள்ளே போயிருந்தது. எனக்கு வேர்த்துவிட்டது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார், அடங்கவே நேரமாயிற்று.

"பொட்டு வெக்கறதுதான் வெச்சீங்க, தப்பான விடைக்கு வெச்சிருந்தா ஆண்டுத் தேர்வுக்கும் அப்படியே வெச்சுக் குடுங்கன்னு சொல்லியிருப்பேன். படிக்காத பிள்ளைங்க எல்லாம் மாட்டியிருக்கும்" என்றவர், அந்த ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த வேலையையும் கையோடு எடுத்துக் கொடுத்தார்.

வரும் வழியிலேயே பூத்துக்குப் போய் சென்டர் முதலாளிக்குப் போன் போட்டு, அந்தச் சேருக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொன்னேன். கடலை மாவும் வாழைக்காயும் வாங்கினேன். மகள் பள்ளி விட்டு வரும்போது சூடாக பஜ்ஜி இருக்க வேண்டும். லீவில் இருந்த நாளெல்லாம் ஒன்று பள்ளிக்கூடம் லீவு, இல்லை நான் தாளும் கையுமாக எங்காவது அலைந்துகொண்டிருந்தேன். அவள் வரும் நேரத்துக்கு நான் சும்மா வாசலைப் பார்த்து நிற்கப் போகிற முதல் நாள் அதுதான்.

நான்கு மணி அடித்தது. கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றேன். ரோட்டில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கூட்டம் குறைந்தது. கடைசிப் பிள்ளையும் போன பிறகு பனி இறங்கியது. பஜ்ஜி ஆறிப்போயிற்று. என்னவோ ஏதோ என்று செருப்புகூட மாட்டாமல் ஓடி, முதலில் பக்கத்து வீட்டைத்தான் எட்டிப் பார்த்தேன்.

அங்கே இருந்தாள். அக்காவின் தையல் மிஷின் பக்கத்தில், அவளுக்கென்று போட்ட முக்காலியில், நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒன்றும் புரியாமல் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏன் கண்ணு, ஊட்டுக்கு வரல?"

"நீ வாறதுக்கு இன்னும் நேரம் இருக்குதேன்னு இங்க வந்துட்டேன்."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் குழந்தையின் பையை வாங்கிக்கொண்டேன், கையைப் பிடித்துக்கொண்டேன். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டு இருட்டில் தூக்கி வந்த பாதை அது. முழித்திருக்கிற பிள்ளையை வெளிச்சத்தில் நடத்திக் கூட்டிப் போனது அன்றைக்குத்தான். அவள் உள்ளங்கை சூடாக இருந்தது.

அந்த மிஷின் பழைய இரும்புக்குப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்தக் கைப்படம் மட்டும் என் பீரோவில் இருக்கிறது. கடைக்காரப் பையன் சொன்னது சரிதான், இத்தனை பனிக்கும் அது கரையவில்லை.

அன்றைக்கு எங்கள் வாசல் வந்ததும் மகள் நின்றாள். திறந்திருந்த கதவைப் பார்த்தாள்.

"நாளைக்கும் இருப்பியாம்மா?"

"இருப்பேன் சாமி. தெனமும் இருப்பேன்."

என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.